செதில் ஒட்டிய ஸ்க்ரூ

2008ஆம் வருடம், மாசிமகம் முடிந்த வாரத்துச் சனிக்கிழமை. கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டு வாசலில் நான் இருந்தேன், அக்கா இருந்தாள், மாமாவின் மோட்டார் சைக்கிள் இருந்தது. மாமா மட்டும் இல்லை. வலது தோளில் கட்டுப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார்.

மாமா என்றால் அக்காவின் கணவர். விடிவதற்கு முன்பே துறைமுகத்தில் மீன் எடுத்து, ஐஸ் போட்டுப் பெட்டியில் அடைத்து, வண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு சிதம்பரம் வரை போய்த் தெருத்தெருவாக விற்றுவிட்டு வருவார். வெயில் ஏறிவிட்டால் மீனுக்கு மதிப்பு கிடையாது. அதனால் இருட்டில்தான் கிளம்பியாக வேண்டும். நான் அப்போது சிதம்பரத்தில் டிப்ளமோ எலெக்ட்ரிகல் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். என்னைப் படிக்க வைத்தது அந்த மீன் பெட்டி. கைச்செலவுக்குக் காசு கொடுக்க மாமா ஹாஸ்டலுக்கு வருவார். ஆனால் வண்டியை ஒரு தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடந்துதான் வருவார். ஏன் என்று கேட்டால், "அங்கதான் மச்சான் நிழலு" என்பார்.

அந்த வண்டியின் ஹெட்லைட் மழைக்காலத்திலிருந்தே படுத்திக்கொண்டிருந்தது. வீட்டு வாசலில் ஸ்டார்ட் செய்தால் பளிச்சென்று எரியும். பெட்டியை ஏற்றிக்கொண்டு சிதம்பரம் வழியில் ஆலப்பாக்கம் பக்கம் போனால் மங்கும். ஒரு குழியில் இறங்கினால் அணையும், அடுத்த குழியில் தானாக வரும். கடலூர் டவுனில் கண்ணாடிக் கதவெல்லாம் வைத்த ஒரு சர்வீஸ் சென்டர், பெயர் வேண்டாம். அங்கே மூன்று தடவை விட்டார். முதல் தடவை பல்பு மாற்றினார்கள். அடுத்த தடவை சுவிட்ச் என்றார்கள். கடைசித் தடவை ஒயரிங் முழுக்கப் பார்த்தாயிற்று, எர்த் சுத்தம் செய்தாயிற்று என்று பெரிய பில்லாகவே போட்டுக் கொடுத்தார்கள். நான் போனில் கேட்டபோது, "எல்லாத்தையும் பாத்துட்டாங்க மச்சான், நீ பரிச்சைக்குப் படி" என்றார் மாமா.

அடுத்த வாரமே அது நடந்தது. ஆலப்பாக்கம் தாண்டி, கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று விளக்கே இல்லாமல் ரோட்டோரம் நின்றிருக்கிறது. அது கண்ணில் பட்ட அதே நேரத்தில் ஹெட்லைட் அணைந்துவிட்டது. மாமா குத்துமதிப்பாக வண்டியை ஒடித்துத் திருப்பி, பெட்டியோடு பள்ளத்தில் விழுந்திருக்கிறார். உயிர் தப்பியது. தோள் எலும்பு தப்பவில்லை.

ஆஸ்பத்திரியில் அக்கா என்னிடம் ஒன்றுதான் சொன்னாள்: "அந்த ஒத்த லைட்ட நம்பி இனிமே நான் அனுப்ப மாட்டன். கூட ரெண்டு லைட்டு போட்டுக் குடு. இல்லன்னா வண்டிய வித்துடுறன்." வண்டி போனால் தொழில் போச்சு. அதனால் சிதம்பரத்தில் கடை தேடி, சின்ன வண்டியின் பேட்டரி தாங்குகிற மாதிரி இரண்டு சின்ன லைட், ரிலே, ஃபியூஸ், சுவிட்ச், ஒயர் எல்லாம் வாங்கிக்கொண்டு வந்திருந்தேன்.

லைட்டுக்குத் தனி ஒயர் பேட்டரியிலிருந்துதான் இழுக்க வேண்டும். பேட்டரி சைடு பேனலுக்குள் இருக்கிறது. ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பேனலைப் பிடித்திருந்த ஸ்க்ரூ, பெட்டி வைக்கிற இரும்புத் தாங்கிக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. மாமா தினமும் வண்டியைக் கழுவுகிறவர்தான். ஆனால் அந்த இடத்துக்குக் கை போகாது. பெட்டியிலிருந்து சொட்டுகிற ஐஸ் தண்ணீர் மட்டும் போகும்.

அந்த ஸ்க்ரூவின் தலையே தெரியவில்லை. அதன் மேல் செதில். ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, மஞ்சளாகக் காய்ந்து, பேனலையும் ஸ்க்ரூவையும் சேர்த்து அரக்கு வைத்த மாதிரி மூடியிருந்தது.

என் கை அப்படியே நின்றுவிட்டது.

"என்னாடா, பேயப் பாத்த மாதிரி உக்காந்துட்ட?" என்றாள் அக்கா.

"அக்கா, இந்த ஸ்க்ரூவ யாரும் கழட்டவே இல்ல."

"உள்ள எல்லாத்தையும் தொடச்சன்னு பில்லு போட்டிருக்கானே?"

"பில்லுதான் போட்டிருக்கான். தொறக்கவே இல்ல."

அக்கா குனிந்து பார்த்தாள். பிறகு உள்ளே போய் அந்தப் பில்லை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள். "அதுல கை வெக்காத. அப்புடியே வண்டிய எடு" என்றாள். லைட்டும் கருவிகளும் இருந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

சர்வீஸ் சென்டருக்குள் ஏழெட்டுப் பேர் நாற்காலியில் காத்திருந்தார்கள். நான் வண்டியைச் சரிவில் ஏற்றி, மற்ற வண்டிகளுக்கு வேலை நடக்கிற இடத்திலேயே கொண்டுபோய் ஸ்டாண்டு போட்டேன். டை கட்டிய சூப்பர்வைசர் ஓடி வந்தார்.

"ஹலோ, ஹலோ! அந்த வண்டிய வெளிய நிறுத்துங்க."

"எதுக்கு வெளிய?" என்றாள் அக்கா.

"கஸ்டமருங்க உக்காந்திருக்காங்கம்மா. வாட அடிக்குது."

"அப்ப நாங்க யாரு? களவாட வந்தவுங்களா?"

நாற்காலியில் யாரோ சிரித்தார்கள். நான் அக்காவிடமிருந்து பில்லை வாங்கி நீட்டி, எர்த் போல்ட் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். பேனலுக்குள்ளே என்றார். பேனலை எந்த ஸ்க்ரூ பிடித்திருக்கிறது என்று கேட்டேன். கர்ச்சீப்பை மூக்கில் வைத்துக்கொண்டு குனிந்தார். பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. அது அவர் முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் நிமிர்ந்து, "மீன் வண்டிதான? ஒரு வாரத்துல ஒட்டியிருக்கும்" என்றார்.

"ஒரு வாரத்து செதிலு நகம் பட்டாலே வந்துடும் சார். இது ஐப்பசி மழையில ஒட்டுனது. காஞ்சு காஞ்சு மேல மேல ஏறியிருக்கு. வேணும்னா சுரண்டிப் பாருங்க."

அவர் சுரண்டிப் பார்க்கவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் சட்டையை இன் பண்ணியிருந்தேன். சட்டைப் பையில் காலேஜ் அடையாள அட்டை தெரிந்தது. அவர் குரல் சட்டென்று இறங்கியது. என் தோளில் கை வைத்தார்.

"தம்பி, நீங்க படிச்சவரு. உங்களுக்குச் சொன்னாப் புரியும். இவுங்களுக்கு நீங்கதான் எடுத்துச் சொல்லணும்."

மூன்று தடவை காசு வாங்கிக்கொண்டு ஏமாற்றியது கூட அப்போது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அந்த 'இவுங்களுக்கு' இருக்கிறதே, அதுதான் உடம்பெல்லாம் எரிந்தது. என்னைத் தன் பக்கம் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைக்கிறார், அக்காவை எதிர்ப்பக்கம் நிற்க வைக்கிறார், அதையும் எனக்குச் செய்கிற மரியாதை என்று நினைக்கிறார். அவர் கையைத் தட்டிவிட்டேன்.

"இவுங்க எங்க அக்கா சார். தோளு ஒடஞ்சு கெடக்குறவரு எங்க மாமா. செதிலு எத்தன நாளுல காயும்னு எனக்கு காலேஜுல சொல்லித் தரல. எங்க வீட்டுல அதான் தொழிலு."

குரல் உடைந்து கத்தலாக வந்தது. காத்திருந்தவர்கள் எல்லாரும் எழுந்து வந்துவிட்டார்கள். பின்னால் நின்றிருந்த மெக்கானிக், கையைத் துடைத்தபடி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "மீன் பெட்டி வண்டிய உள்ள ஏத்தக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. வெளிய, சாக்கடை ஓரமா நிறுத்தி, முன்னாடி பல்பையும் சுவிட்சையும் மட்டும்தான் பாத்தன்." சூப்பர்வைசர் அவரை முறைத்த முறைப்பு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

நான் எல்லார் முன்னாலும் செதிலைக் குத்தி உடைத்து அந்த ஸ்க்ரூவைக் கழற்றினேன். உள்ளே எர்த் போல்ட் பச்சையும் வெள்ளையுமாக உப்புப் பூத்துக் கிடந்தது. விளக்குக்குப் போகிற ஒயர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் போன கரண்ட் திரும்பி வர வழி வேண்டும். அந்த வழிதான் இந்த போல்ட். ஐஸ் தண்ணீரில் ஊறி ஊறி, ஒயரின் முனை அதில் ஒட்டியும் ஒட்டாமலும் இருந்தது. வண்டி சும்மா நின்றால் எரியும். குலுங்கினால் போய்விடும். பெட்டி இல்லாமல் நிறுத்தி வைத்து ஆயிரம் தடவை பார்த்தாலும் ஒன்றும் தெரியாது.

இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ஹெட்லைட்டைப் போட்டு, அந்த ஒயரை விரலால் லேசாக ஆட்டினேன். அணைந்தது. திரும்ப ஆட்டினேன். எரிந்தது. மூன்றாவது தடவை அணைந்தபோது அக்கா யாரையும் பார்க்காமல் சொன்னாள், "இங்கதான் உழுந்தாரு."



கடைசியில் சூப்பர்வைசர், உப்புத் தண்ணீர் ஊற்றினால் எந்த வண்டியும் தாங்காது, அது கஸ்டமர் தப்பு என்று முணுமுணுத்துவிட்டு, மூன்றாவது பில் காசைத் திருப்பித் தருவதாகவும் இலவசமாக வாட்டர் வாஷ் செய்து தருவதாகவும் சொன்னார். அந்தக் காசை அவர் முகத்தில் விட்டெறிய வேண்டும் என்று எனக்கு இருந்தது. அக்கா வாங்கி எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"கழுவ எங்களுக்குத் தெரியும். கழட்டத்தான் உங்ககிட்ட உட்டோம்" என்றாள்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தோம். வீட்டுக்குப் போகிறவரை எனக்குப் பொறுமை இல்லை. அந்த வாசலிலேயே, போகிறவர் வருகிறவர் பார்க்க, தரையில் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தேன். போல்ட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கினேன். அழுகிய ஒயர் முனையை வெட்டிவிட்டுப் புது முனை போட்டு, மேலே கிரீஸ் பூசினேன். பிறகு இரண்டு லைட்டுக்கும் பேட்டரியிலிருந்து தனி ஒயர், நடுவில் ஃபியூஸும் ரிலேவும், ஹேண்டில்பாரில் தனி சுவிட்ச். எர்த்தும் தனியாகப் பேட்டரிக்கே கொண்டுபோனேன். ஹெட்லைட் ஒயரிலிருந்து கிளை எடுப்பது சுலபம். ஆனால் அது செத்தால் இவையும் கூடவே சாகும். எதிரில் வருகிறவன் கண்ணில் அடிக்காமல் இரண்டையும் கொஞ்சம் கீழே சாய்த்து முடுக்கினேன். என் ஸ்பேனர் ஒன்று சேரவில்லை. அந்த மெக்கானிக் வெளியே வந்து, சரியான அளவு ஸ்பேனரை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். எடுத்துக்கொண்டேன். நன்றி சொல்ல வாய் வரவில்லை.

அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம். நடந்ததை நான் மூச்சிரைக்கச் சொல்லச் சொல்ல, மாமா மேலே ஓடிய ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெளிய நிறுத்துனதுதான? மொத தடவையே தெரியும் மச்சான்" என்றார். "வண்டியும் வெளிய நின்னுது, நானும் வெளிய நின்னன். உள்ள பொம்பளப் பிள்ளைங்க எல்லாம் உக்காந்திருக்குது, நம்ம வாட எதுக்குன்னு நானேதான் ஒதுங்கி நின்னன்."

"ஏன் மாமா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ படிப்ப உட்டுட்டு சண்டைக்குப் போவ."

அதைக் கேட்டதும் எனக்கு மாமா மேலேயே கோபம் வந்தது. ஹாஸ்டலுக்கு ஒரு தெரு தள்ளி அவர் வண்டியை நிறுத்திய இடத்தில் மரமும் கிடையாது, நிழலும் கிடையாது என்பது அப்போதுதான் உறைத்தது. அடுத்த மாதத்திலிருந்து, அவர் வருகிற அன்றைக்கு நானே அந்தத் தெருவுக்குப் போய் வண்டியை உருட்டிக்கொண்டு வந்து ஹாஸ்டல் வாசலில் நிறுத்துவேன் என்று சொன்னேன். "அட சும்மா இரு மச்சான்" என்றார். தோள் தேறி அவர் திரும்ப வண்டி எடுக்க ஆவணி ஆகிவிட்டது. அதற்குள் என் படிப்பும் முடிந்துவிட்டது. அந்த வண்டியை ஹாஸ்டல் வாசலில் நிறுத்த எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

இப்போது நான் ஒரு ஆலையில் எலெக்ட்ரிகல் பராமரிப்பில் இருக்கிறேன். 'பார்த்தாயிற்று' என்று யார் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாலும் முதலில் ஸ்க்ரூவின் தலையைத்தான் பார்க்கிறேன். 'தம்பி, நீங்க படிச்சவரு' என்று யாராவது ஆரம்பித்தால், அடுத்த வார்த்தையில் யாரைக் கீழே தள்ளப் போகிறார்கள் என்று மனசு விறைத்துக்கொள்கிறது. அந்தக் கோபம் ஆறவில்லை, ஆற வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை. மாமாவின் வலது கை இன்றைக்கும் தோளுக்கு மேலே எழும்பாது. அதை விட்டுவிட்டு, மருந்து, வட்டி, வண்டி ஓடாத மாதங்கள் எல்லாவற்றையும் சேர்த்து அக்கா போட்ட கணக்குப்படி, ஒரு மீன் வண்டியின் ஸ்க்ரூவைத் தொட ஒருவர் அருவருத்ததற்கு எங்கள் வீடு கொடுத்தது முப்பத்தோராயிரத்து நானூறு ரூபாய்.