எண்ணிக்கை மேடமும் பி.பி.எம். சாரும்

பல்கலைக்கழக நூலகத்தின் இரண்டாம் மாடியில், ஜெராக்ஸ் எந்திரத்துக்குப் பின்னால் ஒரு கண்ணாடி அறை. அதில் உட்கார்ந்து மற்றவர்களின் ஆராய்ச்சியை எண்ணுவதுதான் அவள் வேலை. இன்னார் எத்தனை கட்டுரை எழுதினார், எந்த ஆய்விதழில் எழுதினார், யாரோடு சேர்ந்து எழுதினார், அந்தக் கட்டுரைகளை உலகத்தில் எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று பார்த்து, துறையில் அவருக்கு எந்த இடம் என்று அறிக்கை எழுதிக் கொடுப்பாள். பதவி உயர்வுக்கு அலைகிறவர்கள் அவள் மேஜையைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். காரியம் முடிந்ததும் படியில் எதிரே வந்தால்கூட முகம் தெரியாது. அவளுக்கென்று ஒரு பெயர் இருப்பதே பலருக்கு மறந்துவிட்டது. ‘எண்ணிக்கை மேடம்’ என்றால்தான் தெரியும்.

படித்தது வேதியியல்தான். ஆனால் ஆய்வுக்கூடத்துக்கும் அவள் கைக்கும் ஏழாம் பொருத்தம். குழாயைத் தொட்டால் குழாய் உடையும், குடுவையைத் தொட்டால் குடுவை உடையும். “நீ படிச்சு முடிக்கிறதுக்குள்ள கண்ணாடிச் சாமான் விக்கிறவன் மாடி வீடு கட்டிடுவான்” என்று வகுப்பே சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்துவிட்டு நூலகப் படிப்புக்கு மாறிக்கொண்டாள். கல்யாணப் பேச்சும் வந்தது. பார்க்கலாம், பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டதில் பார்ப்பதற்கு யாரும் வராத வயதும் வந்துவிட்டது. அம்மா போன பிறகு இரண்டு அறை வீட்டில் அவள் மட்டும். வெளியூரில் குடும்பமாக இருக்கும் தங்கை ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாள். “சாப்பிட்டியாக்கா?” என்று கேட்டு, பதில் வருவதற்குள் பிள்ளைகளை அதட்டப் போய்விடுவாள்.

சில நாள் காலையிலிருந்து ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்க மாட்டாள். சாயங்காலம் கடையில் “கால் கிலோ தக்காளி” என்று வாயைத் திறந்தால் குரல் கரகரவென்று வரும். “சளி பிடிச்சிருக்காம்மா?” என்பார் கடைக்காரர். ஆமாம் என்று சொல்லிவிடுவாள். அது சுலபமான பதில்.

அந்த வருடம் வேதியியல் துறைக்கு ஒரு பெரிய விருது அறிவிப்பு வந்தது. வாழ்நாள் சாதனைக்கான விருது. ஒரு பல்கலைக்கழகம் ஒருவரைத்தான் பரிந்துரைக்கலாம். இவர்களிடம் இருந்ததோ ஓய்வுபெற்ற பகுப்பாய்வு வேதியியலாளர்கள் இரண்டு பேர். ஒருவர் பல காலம் துறைத் தலைவராக இருந்தவர். இன்னொருவரை எல்லோரும் பி.பி.எம். சார் என்றார்கள். தண்ணீரிலும் மண்ணிலும் பத்து லட்சத்தில் ஒரு பங்காக ஒளிந்திருக்கும் ஈயத்தையும் பாதரசத்தையும் அளப்பதே அவர் வேலையாக இருந்தது. அந்தப் ‘பத்து லட்சத்தில் ஒரு பங்கு’க்கு ஆங்கிலத்தில் உள்ள மூன்றெழுத்துச் சுருக்கம் அவர் மேலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது.

“ரெண்டு பேரையும் அளந்து குடுத்துடுங்க மேடம்” என்றார் ஆராய்ச்சி இயக்குநர். “நாங்களா முடிவு பண்ணினா ஆளாளுக்கு ஒண்ணு சொல்வாங்க. நம்பர் சொன்னா யாரும் வாயைத் திறக்க முடியாது.”

அந்தப் பழைய துறைத் தலைவர் தம் கட்டுரைப் பட்டியலை மறுநாளே அனுப்பிவிட்டார், அட்டை போட்டு. பி.பி.எம். சாரிடம் பட்டியல் என்று ஒன்றே இல்லை. கணினியில் தேடினால் அதே பெயர், அதே முதலெழுத்தில் ஏகப்பட்ட பேர் வந்து நின்றார்கள். யாருடைய கட்டுரை யாருடையது என்று பிரிக்க வேண்டியிருந்தது. தொலைபேசியில் கேட்டாள்.

“போன்ல சொன்னா குழம்பிடும். சனிக்கிழமை வீட்டுக்கு வாங்களேன், எனக்கு வேற வேலை இல்லை” என்றார்.

லிப்ட் இல்லாத மூன்றாம் மாடி வீடு. ஒல்லியாக, பொத்தானை ஒரு ஓட்டை மாற்றிப் போட்ட சட்டையோடு கதவைத் திறந்தார். மனைவி இறந்து ஆறேழு வருடம் ஆகிறதாம். ஒரே மகள் எங்கோ தொலைவில். டீ போடுவதற்கு முன்னால் டம்ளரை மூன்று தடவை அலசினார். அவள் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, “கை பழகிடுச்சு. ஏற்கெனவே கழுவினதுதான், பயப்படாதீங்க” என்றார்.

சாப்பாட்டு மேஜையில் தாள்களைப் பரப்பினாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தாளை மூக்கருகே பிடித்துப் படித்தார்.

“இது நான். இதுவும் நான். இது… தவளைத் தோலா? இது நான் இல்லம்மா. ஆனா பரவாயில்லை, என்னைவிட நல்லாத்தான் எழுதியிருக்கான். சேர்த்துக்கலாமா?”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எவ்வளவு நாளைக்குப் பிறகு இப்படி வாய்விட்டுச் சிரிக்கிறோம் என்று அப்புறம் பஸ்ஸில் யோசித்தாள்.

ஒரு சனிக்கிழமையில் முடியக்கூடிய வேலை இல்லை அது. அடுத்த வாரமும் போனாள். அதற்கடுத்த வாரமும். ஒவ்வொரு கட்டுரைக்குப் பின்னாலும் அவரிடம் ஒரு கதை இருந்தது. ஆற்றுத் தண்ணீர் எடுக்கப் போய்ப் படகோடு கவிழ்ந்தது, புதுக் கருவி வந்த அன்றைக்கே எலி அதன் வயரைக் கடித்தது, அதற்குக் காரணம் நீதான் என்று உதவியாளரும் அவரும் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசாதது. அவள் கேட்டுக்கொண்டே இருப்பாள். நடுவில் அவருக்கு ஒரு கட்டுரைத் தலைப்பு மறந்துபோனால் இவள் எடுத்துக் கொடுப்பாள். “என் பொழப்பு எனக்குத் தெரியறதைவிட உங்களுக்கு நல்லாத் தெரியுது” என்பார்.

கட்டுரைகளை வருட வாரியாக வரைந்து பார்த்தபோது நடுவில் ஒரு பள்ளம் விழுந்தது. அவருக்கு நாற்பத்தைந்து வயது இருந்த காலம். சில வருடங்கள் ஒன்றுமே இல்லை, வெறும் வெள்ளை. இப்படிப்பட்ட பள்ளத்துக்கு அறிக்கையில் காரணம் போடுவது வழக்கம். வெளிநாட்டுப் பயணம், நோய், நிர்வாகப் பொறுப்பு என்று ஏதாவது இருக்கும்.

“அந்த வருஷங்கள்ல என்ன சார் ஆச்சு? உடம்பு சரியில்லையா?”

“உடம்பெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு.”

“துறையில ஏதாவது பிரச்சினையா?”

“அதுவும் இல்லை.” ஜன்னல் பக்கம் பார்த்தார். “தினமும் போவேன். கருவியைப் போடுவேன். அது சூடாகிற வரைக்கும் உட்கார்ந்திருப்பேன். சூடானதும் உட்கார்ந்திருப்பேன். சாயங்காலம் அணைச்சுட்டு வந்துடுவேன். எதுக்கு அளக்கணும்னு தோணல. சொன்னா பயந்துடுவாளேன்னு என் மனைவிகிட்டகூடச் சொல்லல. ஒருநாள் திரும்ப அளக்க ஆரம்பிச்சேன். அதுவும் ஏன்னு தெரியல.”

அவள் பேனாவை மூடி வைத்தாள்.

“என்ன எழுதப் போறீங்க?”

“காரணம் தெரியவில்லைன்னு எழுதறேன் சார்.”

“அதுதான் உண்மை” என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, “உங்களுக்கு அப்படி இருந்திருக்கா?” என்று கேட்டார்.

இருந்திருக்கிறது என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. “இல்ல சார், எனக்கு வேலை சரியா இருக்கும்” என்று சொல்லிவிட்டாள்.

வேலை முடிகிற கட்டத்துக்கு வந்தது. சொல்லப்போனால் முடிந்தே விட்டது. ஆனால் அவள் கையில் எப்போதும் ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது. இந்தக் கட்டுரையில் உங்கள் பெயர் ஏன் மூன்றாவதாக வந்தது, அந்த மாநாட்டுச் சுருக்கத்தைக் கணக்கில் சேர்க்கலாமா என்று ஏதாவது எடுத்துக்கொண்டு போவாள். ஒரு வாரம் கேள்வியைக் கேட்டதும் அவர் அவளையே பார்த்தார்.

“இதைப் போன வாரமே தீர்த்துட்டோமே?”

அவளுக்குக் காது மடல் வரை சூடேறியது. “ஆமா இல்ல… மறந்துட்டேன் சார்.”

அவர் எழுந்து அடுப்படிக்குப் போனார். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அங்கிருந்தே, “எனக்கும் ஒண்ணு ஞாபகம் வருது. பட்டியல்ல ஒரு கட்டுரை விட்டுப்போச்சு. கிணத்துத் தண்ணியில ஆர்செனிக். சின்ன இதழ், எப்பவோ நின்னுபோச்சு. தேடிப் பாருங்களேன்” என்றார்.

அந்த வாரம் முழுக்கத் தேடினாள். கணினியில் இல்லை. நூலகத்தின் அடித்தளத்தில் கட்டி வைத்திருந்த பழைய இதழ்களைத் தூசியோடு புரட்டினாள். தும்மல்தான் கிடைத்தது. சனிக்கிழமை போய்க் கையை விரித்தாள். அப்படியா என்றவர், வேறொரு இதழின் பெயரைச் சொன்னார். அதிலும் இல்லை. மூன்றாவது வாரம் அவள் மூக்குச் சிந்திக்கொண்டே வந்து உட்கார்ந்ததைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

“தேடாதீங்கம்மா. அப்படி ஒரு கட்டுரை இல்லை.”

“என்ன சார் சொல்றீங்க?”

“நான் எழுதவே இல்லை. இந்த வாரம் முடிச்சிட்டா அடுத்த வாரம் வர மாட்டீங்களேன்னு… என்ன சொல்றது, ஒரு பொய் சொல்லிட்டேன். உங்களைத் தூசியில உருள விட்டுட்டேன்.”

என் சந்தேகங்களும் பொய்தான் சார் என்று அவளும் அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இரண்டு பேரும் சிரித்திருப்பார்கள். அவளோ தாள்களை அடுக்கி, நுனிகளைத் தட்டிச் சரிசெய்து, பையில் வைத்தாள்.

அறிக்கை எழுத உட்கார்ந்தாள். துறைத் தலைவரின் கணக்கு மலை போல இருந்தது. துறையில் யார் எழுதிய கட்டுரையானாலும் அவர் பெயரும் ஓரத்தில் இருந்தது. பி.பி.எம். சாரோ பெரும்பாலும் தனியாகவோ, ஒரு மாணவரோடோ எழுதியவர். குறைவாக எழுதினார், எழுதியதை நீண்ட காலம் படித்தார்கள். இதையெல்லாம் அவள் பக்கம் பக்கமாக விளக்கி, படம் போட்டு, கடைசி வரியில் இருவரின் மொத்த எண்ணையும் கொடுத்தாள். ஒன்றை ஏற்றி ஒன்றை இறக்கக் கை வரவில்லை. கூட்டத்தில் கடைசி வரியை மட்டும் படித்தார்கள். விருதுக்குத் துறைத் தலைவரின் பெயரை அனுப்பிவிட்டார்கள்.

இதை அவரிடம் எந்த முகத்தோடு போய்ச் சொல்வது? அவர் வீட்டு டீயைக் குடித்து, அவர் கதையைக் கேட்டு, கடைசியில் அவரைத் தோற்கடித்த எண்ணையும் அவளே எழுதிக் கொடுத்திருக்கிறாள். அந்தச் சனிக்கிழமை போகவில்லை. அடுத்ததும் போகவில்லை. வீட்டில் துணியை ஊற வைத்தாள், பரணைச் சுத்தம் செய்தாள், சுத்தம் செய்த பரணை இன்னொரு தடவை சுத்தம் செய்தாள்.

ஒரு புதன்கிழமை மதியம் கண்ணாடிக் கதவை யாரோ தட்டினார்கள். பி.பி.எம். சார். படியேறிய மூச்சு வாங்கலில் பேச முடியாமல் நாற்காலியைக் காட்டி, உட்காரலாமா என்று கையாலேயே கேட்டார். அவள் பதறித் தண்ணீர் கொடுத்தாள்.

“உடம்பு சரியில்லையோன்னு பார்க்க வந்தேன்” என்றார், தண்ணீரைக் குடித்துவிட்டு.

“சார், அந்த விருது…”

“அது தெரியும். அன்னைக்கே போன் பண்ணிச் சொல்லிட்டாங்க. கணக்கு சரிதானே?”

“சரிதான் சார்.”

“அப்புறம் என்ன? அளந்ததைத்தானே எழுதணும். நான் அதுக்காகவா வாரா வாரம் டீ போட்டேன்?”

அவள் தலை குனிந்துகொண்டாள். ஜெராக்ஸ் எந்திரம் யாருக்கோ நகல்களைத் தள்ளிக்கொண்டிருந்தது.

“என் சந்தேகமெல்லாம்கூடப் பொய்தான் சார்” என்றாள். ரொம்பத் தாமதமாக வந்த வாக்கியம் அது.

“அது தெரியாதா எனக்கு?” என்று சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் சொன்னார்: “பொண்ணு கூப்பிடுறா. இனிமே தனியா இருக்க வேண்டாம்னு ஒரே பிடிவாதம். அடுத்த மாசம் கிளம்பணும். வீட்டையும் காலி பண்ணப் போறேன்.”

மிச்சமிருந்த சனிக்கிழமைகளில் அவள் போனாள். மேஜையில் தாள் இல்லாததால் முதல் தடவை இருவருக்குமே என்ன பேசுவதென்று தெரியவில்லை. மழை வருமா வராதா என்று கொஞ்ச நேரம் ஓட்டினார்கள். பிறகு அவள் தன்னைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். உடைத்த குடுவைகள், அம்மாவின் கடைசி நாட்கள், தக்காளிக் கடையில் கரகரக்கிற குரல். காரணமே இல்லாமல் வெறுமையாகப் போன தன் வருடங்களையும் சொன்னாள். அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. “ம்” என்றார். நடு நடுவே “அப்புறம்?” என்றார். அவளுக்கு அது போதுமாக இருந்தது. கடைசி வாரம் சாமான் கட்ட உதவப் போனபோது இரண்டு பீங்கான் தட்டுகளை உடைத்தாள். “ரெண்டுதானா?” என்றார் அவர்.

போன பிறகு சில மாதம் தொலைபேசியில் கூப்பிட்டார். போகப் போக அவருக்குக் காது மந்தமாயிற்று. இவள் கூப்பிட்டால் மகள்தான் எடுத்து, “அப்பா நல்லா இருக்காரு ஆன்ட்டி, கேட்டதாச் சொல்றேன்” என்பாள். கேட்டதாகச் சொன்னாளா என்று தெரியாது. அதன்பின் அதுவும் நின்றது.

அடுத்த வருடம் பூச்சிமருந்து எச்சங்களை அளக்கிற ஓர் இளம் பெண் ஆராய்ச்சியாளரைப் பற்றி அறிக்கை கேட்டார்கள். அங்கேயும் பெயர்க் குழப்பம் இருந்தது. தொலைபேசியை எடுத்தவள் வைத்துவிட்டு, தாள்களைச் சுருட்டிக்கொண்டு வளாகத்தைக் கடந்து அந்தப் பெண்ணின் ஆய்வுக்கூடத்துக்கே போனாள். கருவிகள் உறுமிக்கொண்டிருந்தன. கையுறையைக் கழற்றாமலே அந்தப் பெண் திரும்பினாள்.

“இதுக்காகவா மேடம் இவ்வளவு தூரம் நடந்து வந்தீங்க? ஒரு மெயில் போட்டிருந்தா போதுமே.”

“போற வழிதான்” என்றாள் எண்ணிக்கை மேடம். நூலகத்துக்கு அது போகிற வழியே இல்லை. சுருட்டிய தாள்களைப் பிரிக்காமலே திரும்பி வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, மூச்சு நிதானப்பட்டதும் அந்தப் பெண்ணிடம் கேட்க நினைத்ததை மெயிலில் தட்டச்சு செய்ய ஆரம்பித்தாள்.