மீன்பறவைக்கு வந்த மீன்

நான் படிப்பிக்கும் கண்டக்குழிப் பாடசாலையில் பெற்றோருக்காக ஒரு விஞ்ஞானப் பேச்சு வைக்கச் சொன்னார் அதிபர். டைனோசர் காலத்தில் கடலோரம் வாழ்ந்து அழிந்துபோன, பல்லுள்ள பறவையொன்றைப் பற்றிப் பேசலாம் என்று முடிவெடுத்தேன். இக்தியோர்னிஸ் என்பது அதன் பெயர். யாருடைய வாயிலும் நுழையாது. அதனால் பெயரின் பொருளையே எடுத்து, ‘மீன்பறவை’ என்று அறிவித்தல் எழுதி ஒட்டினேன்.

என் கணவர் கடல் தொழில் செய்பவர். “மீன்பறவ எண்டா என்ன புள்ள?” என்று கேட்டார்.

“வந்து கேளுங்களே, தெரியும்.”

பேச்சு நெருங்கினால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்; அதுதான் விளக்கிச் சொல்லவில்லை. அதோடு, அவர் வரமாட்டார் என்றும் நினைத்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவர். படித்தவர்கள் நடுவில் வாயைத் திறந்தால் சிரிப்பார்கள் என்று பயந்து எங்கள் பாடசாலைப் பக்கமே வராதவர்.

வந்தார். நான் பேசத் தொடங்கி இரண்டு நிமிடம் ஆகவில்லை, வெள்ளைச் சட்டையும் சாரமுமாக, கையில் ஒரு பையோடு நேரே மேடைக்கு ஏறினார்.

“இந்தா ஒன்ட மீன்பறவ. காலையிலதான் வலையில பட்டிச்சு. ஐஸ் போட்டுக் கொண்டாந்தன்.”

பைக்குள் ஒரு பறவைக்கோலா. நீர்மேல் பறக்கிற மீன்! மண்டபமே கொல்லென்று சிரித்தது. அவர் முகம் சுண்டிப்போனது. இனி இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார்.

மீனைக் கையில் எடுத்தேன். முன்வரிசையில் எல்லோரையும்விட உரக்கச் சிரித்த கடைக்கார நானாவைக் கூப்பிட்டு, “ரெண்டு விரலால பிடிங்க நானா” என்றேன். பிடித்தார். வழுக்கி விழுந்தது. மறுபடி பிடித்தார், மறுபடியும் விழுந்தது.

“பாத்தீங்களா? இதுக்குத்தான் அந்தப் பறவைக்குப் பல்லு. நம்ம கடல்ல மீனுக்குப் பாயிற ஆலா இருக்கே, கிட்டத்தட்ட அந்த அளவுதான். வழுக்குற மீனைப் பல்லால கவ்விக்கொள்ளும்.”

இப்போது எல்லோரும் கடைக்காரரைப் பார்த்துச் சிரித்தார்கள். என் கணவர் போய்விடாமல் பின்னால் ஒரு கதிரையில் உட்கார்ந்தார். அந்த நிம்மதியில் மீதிப் பேச்சு தானாக வந்தது.

கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார் அதிபர். கையை உயர்த்தியவர் என் கணவர் ஒருவர்தான். எழுந்து நின்றார்.

“டீச்சர், பல்லுள்ள பறவ ஒண்டும் மிஞ்சல்ல எண்டு சொன்னீங்க. அப்ப பல்லில்லாததுகள் மட்டும் எப்படித் தப்பிச்சிச்சு?”

ஒருவரும் சிரிக்கவில்லை. நான் வாசித்த எதிலும் அதற்கு உறுதியான பதில் இருக்கவில்லை.

“தெரியாது” என்றேன். கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

“பரவாயில்ல டீச்சர், தேடிப் பாத்துச் சொல்லுங்க. நான் திரும்ப வாறன்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.