புதுவீட்டு வாசலில் நின்ற வான்

“...படுக்கிறதுக்கெண்டுதானே அக்கா தந்தனான். குடும்பம் நடத்தச் சொன்னனானோ? சீற்றுக்குக் கீழ ஊறுகாய்ப் போத்தில், ஸ்டியரிங்கில சின்னவளின்ர சட்டை, பின்கண்ணாடியில அத்தான்ர சாரம் காயுது. வந்த மனுசன் தான் வான் பிடிக்க வந்தனோ, பிள்ளைப்பெத்த வீடு பாக்க வந்தனோ எண்டு யோசிச்சிருப்பார்” என்றார் மாமா.

மாமா அம்மாவின் தம்பி. கல்யாணம் கட்டாதவர், எங்களோடுதான் இருந்தார். வாடகைக்கு ஓடுகிற அந்தச் சாம்பல்நிற வான்தான் அவருக்குத் தொழில். மற்றவர்கள் தங்கள் மாட்டைத் தடவிக்கொடுப்பதுபோல அதைத் தடவிக்கொடுப்பார். அப்படிப்பட்டவர் அப்படிக் கதைத்ததில் பிழையில்லை. ஆனால் அவர் சொன்னதை விளங்கிக்கொள்ள, வீடு இருக்கும்போது நாங்கள் ஏன் வானுக்குள் படுத்தோம் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

புளியங்குளத்துச் சந்தியிலிருந்து உள்ளே போகிற ஒரு மண்ரோட்டில் எங்கள் காணி இருந்தது. சண்டை முடிந்து திரும்பி வந்து குடியேறியபோது தறப்பாளும் தகரமுமாக ஒரு கொட்டில் போட்டோம். பிறகு வீட்டுத்திட்டத்தில் ஒரு கல்வீடு எழும்பியது. சுவர் முடிந்தது, கூரை முடிந்தது. கதவுதான் வரவில்லை. கதவு செய்கிறவர் அப்பா போன போதெல்லாம் “நாளைக்கு” என்றார். “மரவேலைக்காரன்ர நாளைக்கும் கடவுளின்ர நாளைக்கும் கணக்கில்லை” என்று அப்பா சொல்லிக்கொண்டே திரும்பி வருவார். கார்த்திகையில் சாத்திரியார் குறித்துத் தந்த நாள் கதவில்லாமல் கழிந்துபோனது. கதவு வந்து இறங்கியபோது மார்கழி பிறந்துவிட்டது.

மார்கழியில் யாராவது வீடு குடிபூருவார்களா? அதில் எங்கள் வீட்டில் இரண்டாம் கதை இல்லை. தை பிறக்கட்டும் என்று அம்மா புதுவீட்டைப் பூட்டித் திறப்பைச் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டா. அதுவரைக்கும் கொட்டில் இருக்கிறதுதானே என்று எல்லாரும் நினைத்தோம். அப்படி நினைக்காத ஒன்று பக்கத்தில் நின்ற பாலைமரம். ஒருநாள் காற்றோடு மழை பெய்தபோது பெரிய கொப்பொன்று முறிந்து கொட்டிலின் நடுவில் விழுந்தது. நல்லகாலம், நானும் தம்பியும் பள்ளிக்கூடத்தில். அம்மா எங்கள் தங்கச்சி சின்னவளோடு கிணற்றடியில். சமைக்கிற குசினிப் பக்கம் மட்டும் மிஞ்சியது.

எதிர்வீட்டு மாமி ஓடிவந்தா. அவவின் குடும்பம் மலையகத்திலிருந்து அந்தக் காலத்திலேயே வன்னிக்கு வந்தது. “ஏன் புள்ள, புள்ளைங்கள வச்சிக்கிட்டு என்ன பண்ணுவ? எங்க வூட்டுல வந்து படுங்க” என்றா.

“இவ்வளவு காலமும் ஆற்றையோ வீடுகளில பாய் விரிச்சது காணும் அக்கா” என்றா அம்மா.

அப்பா புதுவீட்டு விறாந்தையைக் காட்டினார். உள்ளே போகாமல் விறாந்தையில் மட்டும் படுக்கலாமே என்றார். விறாந்தையும் அதே கூரைக்குக் கீழ்தான் இருக்கிறது என்று அம்மா சொல்லிவிட்டா. அப்போதுதான் மாமா, தான் பிறகு அப்படிக் கதைக்கப்போகிறோம் என்று தெரியாமல், வானைக் கொண்டுவந்து புதுவீட்டு வாசலில் விட்டு, “இதுக்க படுங்கோ” என்றார்.

எனக்கும் தம்பிக்கும் அதைவிட வேறென்ன வேண்டும்? பின்னாலிருந்த நீளச் சீற் அம்மாவுக்கும் சின்னவளுக்கும். நடுச்சீற் எங்கள் இருவருக்கும், தலைமாறி. அப்பா கீழே பாயில். மாமா முன்சீற்றில் கியர்ப்பிடிக்கு இடம்விட்டு வளைந்து படுப்பார். நித்திரையில் அவருடைய முழங்கால் ஹோர்னில் பட்டால் ஊர்நாய்கள் எல்லாம் எழும்பும். “ரெண்டு வூட்டுக்காரி நீ, ஒன்னுக்கு மணி அடிக்குது, ஒன்னுக்கு அதுகூட இல்ல” என்று எதிர்வீட்டு மாமி விடியச் சிரிப்பா.

மார்கழி என்பதால் விடிய எழும்பிச் சாணியில் பிள்ளையார் பிடித்து, பூசணிப்பூ வைத்து வாசலில் வைக்க வேண்டும். எந்த வாசலில் வைப்பது? அம்மா யோசித்துவிட்டு வான் கதவுக்கு முன்னால் வைத்தா. அப்பா அதற்காகவே காத்திருந்தவர்போல, “அப்ப மார்கழியில வானுக்குக் குடிபூந்திட்டம். சாத்திரியாருக்குச் சொல்லவோ?” என்றார்.

“சில்லில ஓடுறது வீடில்லை” என்றா அம்மா.

எனக்கு அந்த வயதில் எல்லாவற்றிலும் ஒரு ஆராய்ச்சி. பள்ளிக்கூடத்தால் வந்ததும் புதுவீட்டு யன்னல் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு உள்ளே பார்ப்பேன். யாருமில்லாத ஒரு அறை அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று எனக்கு அதற்கு முன்னர் தெரியாது. ஒருநாள் சுவரில் ஒரு பல்லியைக் கண்டேன். ஓடிப்போய், பல்லி எங்களுக்கு முதல் குடிபூந்துவிட்டது, அது மட்டும் எப்படிப் போகலாம் என்று அம்மாவிடம் முறையிட்டேன்.

“பல்லிதானே பிள்ளை ஊருக்கே சாத்திரம் சொல்லுறது. அது ஆரிட்டப் போய் நாள் கேக்கிறது?” என்றா அம்மா.

இப்படிப் போய்க்கொண்டிருந்த நாட்களில்தான் பூவரசங்குளத்திலிருந்து அந்தப் பெரியவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். அவருடைய மகன் வெளிநாட்டிலிருந்து குடும்பத்தோடு வருகிறாராம். அன்று பின்னேரமே வெளிக்கிட்டுக் கட்டுநாயக்கா விமானநிலையத்தில் ஏற்ற வேண்டும். அதோடு முடியாது. மடு, நல்லூர், திருக்கேதீச்சரம் என்று தைப்பொங்கல் வரைக்கும் வான் தங்களோடேயே நிற்க வேண்டும் என்றார். மாமாவுக்கு வருசத்தில் ஒருதரம் வருகிற ஹயர் ஓட்டம் அது. அது கிடைத்தால் தேய்ந்துபோன பின்சில்லு டயர் இரண்டையும் மாற்றிவிடலாம் என்று கனநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பெரியவர் ஏசி வேலை செய்யுமோ என்று கேட்டபடி கதவைத் தள்ளித் திறந்தார். உள்ளே கொஞ்சநேரம் பார்த்தார். “துப்பரவாக்கி வையும் தம்பி” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும்தான் மாமா, நான் தொடக்கத்தில் சொன்ன அந்தக் கதையைக் கதைத்தார்.

அம்மா வானுக்குள் ஏறினா. ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தா. பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டா. “கொண்டுபோ தம்பி. உழைக்கிற நேரத்தில உழைக்க வேணும். நாங்கள் இண்டைக்கே உள்ள போறம்” என்றா.

சீலைத் தலைப்பிலிருந்து திறப்பை அவிழ்த்துக்கொண்டு போய்ப் புதுவீட்டுப் படியில் நின்றா. திறப்பைப் பூட்டில் போட்டவ, திருப்பவில்லை.

“இஞ்சேருங்கோ, இப்ப என்ன நேரம்?”

அப்பா போனைப் பார்த்தார். “மூண்டு தாண்டீட்டுது.”

அன்று செவ்வாய்க்கிழமை. செவ்வாயில் மூன்று மணி என்றால் ராகுகாலம் தொடங்கும் நேரம். மார்கழி போதாதென்று அதுவும் வந்து நின்றது. நாள், நேரம் என்றால் பகிடி பண்ணுகிற அப்பா, “நாலரைக்குப் பிறகு போவமே” என்று மெதுவாகச் சொன்னார்.

“பள்ளிக்கூடத்துக்க போய்ப் படுக்கேக்க ஆர் நேரம் பாத்தது? தறப்பாளுக்க போகேக்க ஆர் பாத்தது? கலைக்கக் கலைக்கப் போய்ப் பூந்த இடங்கள்தானே எல்லாம். எங்கட எண்டு ஒரு வீட்டுக்க எண்டாலும் ஒருக்கா நாள் பாத்து, பால் காய்ச்சி, வலதுகாலை வைச்சுப் போவமெண்டு நினைச்சனான். சரி, பரவாயில்லை” என்றா அம்மா.

அழவில்லை. சந்தைக்குப் போக முடியாமல் போனதைச் சொல்கிற குரலில்தான் சொன்னா. ஆனால் திறப்பு இன்னும் திரும்பவில்லை.

மாமா பழைய பேப்பரால் வான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றவர். துடைத்த கை நின்றது. கொஞ்சநேரம் அக்காவின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு முன்கதவைத் திறந்து, சீற்றைத் தூக்கி, ஸ்பனரை எடுத்தார். என்ன செய்யப்போகிறார் என்று பார்க்க நான் பின்னாலேயே போய்க் குனிந்தேன். பற்றரியில் பூட்டியிருந்த வயர் ஒன்றைக் கழற்றி, ஒதுக்கி வைத்தார். சீற்றை மூடினார். ஏறியிருந்து திறப்பைத் திருப்பினார். வான் மூச்சுக்கூட விடவில்லை. இன்னொருதரம், எல்லாருக்கும் தெரியும்படி பெரிதாகத் திருப்பினார்.

“அக்கா, வான் ஸ்டார்ட் எடுக்குதில்லை” என்று கூப்பிட்டார்.

“நேற்று ஓடினதுதானே?”

“நேற்று ஓடினது நேற்றைக்கு.”

உடனே போனை எடுத்துப் பெரியவருடன் கதைத்தார். “ஐயா, குறை நினையாதேங்கோ, வான் பிழைச்சுப்போச்சு. வவுனியாவில எனக்குத் தெரிஞ்ச பெடியன் ஒருத்தன் நிக்கிறான். என்ர வானைவிட அவன்ர வான் திறம். இப்பவே அனுப்புறன்.”

எனக்குப் பொறுக்கவில்லை. அவருடைய சேர்ட்டைப் பிடித்து இழுத்து, “மாமா, அந்த வயரைப் பூட்டினா ஓடுமெல்லோ?” என்றேன்.

“அப்பிடியே? எனக்கு இதுகளைப் பற்றி என்ன தெரியும் பிள்ளை” என்றார்.

இவ்வளவு காலமாக வான் ஓட்டுகிறவர், கொழும்பு வரைக்கும் தனியப் போய்வருகிறவர், தன் கையாலேயே வயரைக் கழற்றிவிட்டு வான் ஓடவில்லை என்று நிற்கிறாரே என்று எனக்கு அவர்மேல் பெரிய இரக்கமாக இருந்தது. வளர்ந்து பெரிய ஆளாகி இவர் எப்படிப் பிழைக்கப்போகிறார் என்று அவருக்காகக் கவலைப்பட்டேன், அவர் ஏற்கெனவே பெரிய ஆள் என்பதை மறந்து. மாமா என்னைத் தாண்டிப் படியடிக்குப் போனார். அம்மாவின் கக்கத்திலிருந்த பாயை உருவி எடுத்துவந்து, வானுக்குள் மண்டியிட்டு, நான்கு மூலையையும் இழுத்து, சுருக்கமில்லாமல் விரித்துவிட்டார்.