அம்மாவின் உப்பிய கன்னம்

எங்கள் காத்திவாக்கத்தில் ஒரு டாக்டர் நல்லவர் என்றால் அவர் வாசலில் செருப்பு நிறையக் கிடக்க வேண்டும். கேட்பதற்கு முன்பே ஊசி போட வேண்டும். அத்தைக்கு இது போதாது. கைராசியும் வேண்டும்.

அத்தை மீன் விற்பவள். கூடையை இறக்கியதும் முதல் போணியைக் கைராசி உள்ளவர்தான் பண்ண வேண்டும் என்பதில் அவ்வளவு கண்டிப்பு. மற்றவர்கள் வந்து விலை கேட்டால் காது கேட்காதவள் மாதிரி கடலைப் பார்ப்பாள். அம்மாவின் வீசிங்குக்கும் அவள் அப்படித்தான் திருவொற்றியூரில் ஒரு டாக்டரைத் தேடிப் பிடித்தாள்.

அம்மா மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்குள் விசில் கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டேதான் நான் வீட்டுப்பாடம் எழுதுவேன். சத்தம் நின்றால் இன்னும் பயம். பென்சிலைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்ப்பேன். அந்த டாக்டர் ஓர் ஊசி போட்டு, காகிதத்தில் மடித்து வெள்ளை மாத்திரை கொடுத்தார். சாயங்காலமே அம்மா எழுந்து குழம்பு வைத்தாள்.

"பாத்தியா, கை வெச்சாரு, பூடுச்சி" என்றாள் அத்தை, ஏதோ தானே வைத்தியம் பண்ணியது போல.

மாத்திரை தீரத் தீர வாங்கினோம். ஒட்டிப் போயிருந்த அம்மாவின் கன்னம் உப்பியது. முகம் உருண்டையானது. "ஒடம்பு நல்லா தேறிகினு கீது" என்று தெருவே சொன்னது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. படியேறினால் அம்மா உட்கார்ந்துவிடுவதையும் எலும்பெல்லாம் வலிக்கிறது என்று முனகுவதையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கன்னம்தான் இருக்கிறதே.

அம்மாவின் காலில் சிப்பி கிழித்த புண் ஆறாமலே கிடக்க, அப்பா யார் பேச்சையும் கேட்காமல் எங்களைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். அங்கே சின்ன வயது டாக்டரம்மா. ஊசியைத் தொடவே இல்லை.

"என்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

"வெள்ள மாத்திரைம்மா" என்றாள் அம்மா.

"அதுக்குப் பேரு?"

அம்மா அத்தையைப் பார்த்தாள். "பேரெல்லாம் இன்னாத்துக்கு? கைராசிக்காரரும்மா அவரு" என்றாள் அத்தை.

டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொன்னார். பிறகு அம்மாவின் கன்னத்தை விரலால் தொட்டார். "இது சதை பிடிச்சதில்ல, அந்த மாத்திரையால வந்த வீக்கம். சர்க்கரையும் ஏறியிருக்கு. நீங்களா திடீர்னு நிறுத்திடாதீங்க, அதுவும் ஆபத்து. நான் சொல்றபடி கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கணும்." வாயில் வைத்து உறிஞ்சும் பம்பு ஒன்றைக் கொடுத்து, அதன் பெயரையும் சொல்லி, அம்மாவுக்குச் சரியாக வரும்வரை உறிஞ்ச வைத்தார்.

திரும்பும்போது பஸ் எர்ணாவூர் தாண்டியதும் அத்தை, "செவுளத் தூக்கிப் பாக்காம ஒரு மீனு வாங்குவனா நானு? ஊதிப்போனத வளந்துதுன்னு நெனச்சிகினு கெடந்துருக்கனே" என்றாள், ஜன்னலைப் பார்த்து.

எனக்கோ டாக்டரம்மாமேல் ஆத்திரம். வாரங்கள் போகப் போக அம்மாவின் கன்னம் வற்றியது. "இன்னாடி, இப்டி எளச்சிட்ட? பம்பு பழகுனா அப்பால வுடாது" என்று பக்கத்து வீட்டில் வேறு சொன்னார்கள். அம்மா சாகப்போகிறாள் என்றே நான் முடிவு கட்டிவிட்டேன். பள்ளிக்கூட மணி அடித்ததும் தெருமுனைவரை ஓடுவேன், வாசலில் கூட்டம் இருக்கிறதா என்று பார்க்க.

ஒரு நாள் நிஜமாகவே கூட்டம் இருந்தது. நிற்காமல் வாசலுக்கே ஓடினேன். தண்ணி லாரிதான் வந்திருந்தது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு அம்மா வந்தாள், இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம். "வழி வுடுங்க" என்று கத்திக்கொண்டே விறுவிறுவென்று வீட்டுப் படியேறினாள். இறக்கி வைத்துவிட்டு அடுத்த குடத்துக்கு ஓடினாள். விழுந்துவிடுவாளோ என்று நானும் கூடவே ஓடினேன். மூச்சு வாங்கியது எனக்குத்தான்.

"ஏன்டி அழுவுற?" என்றாள், நின்று.

நான் அவள் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் பழைய குழி விழுந்திருந்தது. விசில் சத்தம் எப்போதோ நின்றுபோயிருந்ததை அதுவரை நான் கவனிக்கவே இல்லை.