நார் ஏறிய தக்கைப்பூண்டு

காலை ஆறு பத்து. காமயகவுண்டன்பட்டி வாய்க்கால் பாலத்தில் வண்டியை நிறுத்தியதும் முதலில் கண்ணில் பட்டது மஞ்சள். சுற்றிலும் கரும்பச்சை நெல்; அண்ணனின் சின்ன வயல் மட்டும் வெளிறி நின்றது. நட்டுப் பதினைந்து நாள்.

அந்த வயலில் யூரியா போடாமல் ஒரு போகம் எடுக்க வேண்டும் என்பது மதினியின் பிடிவாதம். அண்ணன் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டிருந்தார்: பயிர் இளைத்தால் யூரியா, அதன் பிறகு இந்தப் பேச்சே கூடாது.

நடவுக்கு முன் அங்கே பசுந்தாள் உரத்துக்காகத் தக்கைப்பூண்டு விதைத்திருந்தார்கள். செடி இடுப்பளவு வளர்ந்தபோது மதினி ஒன்றைப் பிடுங்கி வேரைக் காட்டினார். மிளகளவில் முடிச்சுகள். ஒன்றை நகத்தால் கிள்ளினார், உள்ளே இளஞ்சிவப்பு. பாக்டீரியா வேலை செய்கிறது என்பதற்கு அந்த நிறமே அடையாளம். காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன்தான். அதற்குள்ளேயே நிற்கும் நெல்லுக்கு அதை எடுத்துக்கொள்ளத் தெரியாது. உர ஆலைகள் கடும் வெப்பமும் அழுத்தமும் கொடுத்து அதை உரமாக்குகிற காரியத்தை, ஒரு மிளகளவு முடிச்சு ஈர மண்ணுக்குள் சத்தமில்லாமல் செய்துவிடுகிறது. எனக்கு அது இன்னும் வியப்புத்தான்.

பூ எடுக்கும்போது செடியை மடக்கி உழுதுவிட வேண்டும். ஆனால் இங்கே வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் எல்லோருக்கும் ஒரே நாளில் டிராக்டர் வேண்டும். கிடைத்த டிராக்டரை அண்ணன் பெரிய வயலுக்கு விட்டார். சின்ன வயலுக்கு அது வரப் பத்து நாள் பிந்தியது. அதற்குள் தண்டில் நார் ஏறிவிட்டது.

நான் வரப்பில் இறங்கும்போது பக்கத்து வயல்காரர் குரல் கொடுத்தார்.

"என்னண்ணே, நெல்லு நட்டீகளா, மஞ்சக் கெழங்கு நட்டீகளா?"

அண்ணன் மொபெட்டிலிருந்து யூரியா மூட்டையை இறக்கினார். "போதும் ஆத்தா உன் ஆராய்ச்சி. ஊரே சிரிக்கிது."

மதினி மூட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டார். "நாரு ஏற விட்டது யாரு? பெரிய வயலத்தான மொதல்ல உழுதீக? மண்ணுல கெடக்குற கிருமிக்கு நாரு செமிக்க நாளாகும். அதுக பந்தி முடிஞ்சாத்தான் பயிருக்கு எலை போடும்."

"எப்ப முடியும் உன் பந்தி?"

"ஞாயித்துக்கெழம வரைக்கும் பொறுங்க. இல்லேன்னா யூரியாவ நானே எறைக்கிறேன்."

மதினி சொன்னது சரி. நார்த்தழையை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலிருக்கும் நைட்ரஜனையும் இழுத்துத் தம் உடம்பில் வைத்துக்கொள்ளும். அவை மடிந்த பிறகே அது பயிருக்குக் கிடைக்கும். சேற்றில் கால் வைத்தேன், குமிழிகள் எழுந்தன. அவற்றில் ஒரு பங்கு, காற்றுக்கே திரும்பிப்போகும் நைட்ரஜன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் எனக்கு முன்பே வயலுக்குள் குனிந்து நின்றார்.

"ஏலே, இங்கன வந்து பாரு."

கீழ் இலைகள் இன்னும் மஞ்சளாகவே இருந்தன. நடுவில் விரிந்த புது இலை பச்சை. அண்ணன் அதை இரண்டு விரலால் நீவிப் பார்த்தார். அடுத்த நெல் தூர், அதற்கடுத்த தூர் என்று வயலின் மறுகோடிவரை போனார். மதினி வரப்பைவிட்டு இறங்கவில்லை.

அடுத்த போகத்துக்கு முன் பெரிய வயலிலும் தக்கைப்பூண்டு விதைத்தார்கள்.