பெயருக்கு நான் சொன்ன அர்த்தம்

ஜெர்மனியில் நர்ஸாக இருக்கும் தம்பிக்குப் பையன் பிறந்ததும், "இங்க உள்ளவங்க வாயில நுழையற பேரா நீயே பாருக்கா" என்று பொறுப்பை என்னிடம் விட்டான். எங்கள் வழக்கத்தில் பெயர் வைப்பது அத்தையின் உரிமை. விடுவேனா? தேவிகுளம் ரிசார்ட்டில் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்தபடியே போனைக் குடைந்து, ரோலண்ட் என்று பிடித்தேன். பழைய ஜெர்மானியப் பெயர். முன்பாதிக்குப் புகழ், பின்பாதிக்கு நிலம். தலைமுறை தலைமுறையாகத் தேயிலைக் கம்பெனி லயத்து வரிசை வீட்டில் இருந்தும் ஒரு சென்ட் நிலம் இல்லாத குடும்பத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? போனில் சொன்னபோது அம்மா, "என்ன பேரு?" என்று இரண்டு முறை கேட்டாள். பிறகு, "நல்ல பேருதான் பிள்ள" என்றாள். சந்தோஷத்தில் திரும்பக் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

தம்பி பிள்ளையோடு லீவில் வந்தான். லயத்து வாசலில் அக்கம்பக்கத்தார் கூடியிருக்க, பிள்ளையின் காதில் மூன்று முறை பெயரைச் சொன்னேன். அர்த்தத்தையும் விளக்கினேன், கேட்காதவர்களுக்கும் சேர்த்து. அடுத்து என் அம்மா பேரனைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

"ரோலண்டு" என்றாள் மெதுவாக. பிள்ளை திரும்பவில்லை. "சத்தமாக் கூப்பிடும்மா" என்று நான்தான் அவசரப்படுத்தினேன். அம்மா குனிந்து, தொடையில் தட்டி, "ட்சு ட்சு, ரோலண்டு, வா வா" என்றாள்.

பக்கத்து வீட்டுக்காரி வாய்விட்டுச் சிரித்தாள். "ஏ மதினி, பேரனைக் கூப்பிடச் சொன்னா மேனேஜர் பங்களா நாயைல்லா கூப்பிடுதீக!"

வயதானவர்கள் எல்லாருமே சிரித்துவிட்டார்கள். அம்மாவின் கை தொடையிலேயே நின்றுவிட்டது.

நான் ஹாஸ்டலில் படித்த காலத்தில் அம்மா பங்களா வேலைக்குப் போனாள் என்பது தெரியும். என்ன வேலை என்று ஒருநாளும் கேட்டதில்லை. தம்பி அப்போது சின்னப் பிள்ளை. லயத்துக்கே தெரிந்த நாயின் பெயர், மூத்தவளான எனக்குத் தெரியவில்லை.

அடுக்களைக்குப் போய், "முன்னாடியே சொல்லியிருக்கலாம்லம்மா?" என்றேன். அப்போதும் குரலில் கோபம்தான்.

"ஆசையா வச்ச பேரு, எப்படிச் சொல்ல?" என்றாள். "அதுவும் நல்ல நாய்தான். அதுக்குக் கறி வேகவச்சுப் போட்டுட்டு வந்துதான் உன் தம்பிக்குக் கஞ்சி காச்சுவேன்."

ஜெர்மனியில் பதிந்த பெயரை மாற்ற அம்மா விடவில்லை. வீடியோ காலில் இப்போதும் பேரனைத் தங்கம், ராசா என்றுதான் கொஞ்சுகிறாள். பெயர் மட்டும் அவள் வாயில் வருவதில்லை. அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று யாராவது கேட்டால், தெரியாது என்று சொல்லிவிடுகிறேன்.