ஏழில் வைத்த ஷாக் அப்சார்பர்

பின்சீட்டில் யார் உட்காருவார்கள் என்று அன்று நான் கேட்கவில்லை. சஸ்பென்ஷன் வேலைக்கு வந்து இருபது வருஷம் ஆகியும் கேட்கவில்லை.

விழுப்புரம் பைபாஸ் ஓரத்தில் நான் வேலை பார்க்கும் ஷெட். திண்டிவனத்திலிருந்தெல்லாம் ஃபோர்-வீல் டிரைவ் வண்டிகள் தேடி வரும். வளவனூர் ரியாஸ் பாய் துபாயிலிருந்து லீவில் வந்தவர், பழைய வண்டி ஒன்றை வாங்கி, நாலு சக்கரத்துக்கும் அட்ஜஸ்டபிள் ஷாக் மாட்டச் சொன்னார்.

அந்த ஷாக்கின் அடியில் ஒரு குமிழ். ஒன்று முதல் எட்டு வரை திரும்பும். ஒன்றில் வைத்தால் வண்டி பள்ளத்தை மெத்தென்று விழுங்கும், வேகத்தில் ஆடும். எட்டில் வைத்தால் வேகத்தில் ரோட்டைக் கவ்வி நிற்கும். பள்ளத்தில் முதுகைப் பதம் பார்க்கும். ஷாக் வாங்காத அடியை மனிதர் வாங்குவார். எங்கள் தொழில் இவ்வளவுதான், மீதியெல்லாம் கிரீஸ்.

நாலில் வைத்தேன். விக்கிரவாண்டி டோல் பக்கம் வரை ஓட்டிப் பார்த்தோம்.

“நூறு தாண்டுனா படகு மாரி ஆடிக்கினு போவுதே மேஸ்திரி. டைட் பண்ணு.”

“பாய், இதுக்கு மேல வச்சா உங்க ஊரு ரோட்டுல தூக்கித் தூக்கிப் போடும்.”

“பாலைவனத்துலயே ஓட்டுனவன் நானு. வளவனூரு பள்ளமா என்னப் பண்ணிடப் போவுது?”

ஏழில் வைத்தேன். திரும்பி வரும்போது ஸ்டியரிங்கைத் தட்டி, “இப்பதான்யா வண்டி!” என்றார். எனக்கும் பெருமை. முன்சீட்டில் இரண்டு ஆண்கள், வழவழ ஹைவேயில் உட்கார்ந்து முடிவு செய்துவிட்டோம்.

எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. செட்டிங் முடிந்ததும் குமிழின் குறுக்கே மஞ்சள் பெயின்ட்டில் ஒரு கோடு இழுப்போம். யாராவது திருகினால் தெரிந்துவிடும். குமிழ் எங்கே இருக்கிறது என்பதையே கஸ்டமருக்குக் காட்ட மாட்டோம். “காட்டிட்டா தெனம் ஒருத்தன் திருவிக்கினு வந்து நிப்பான், பேஜாரு” என்பார் ஓனர். நானும் காட்டவில்லை. பாய் விமானம் ஏறிவிட்டார்.

மூன்று மாதம் கழித்து அவர் மனைவி நசீமா, சம்பளத்துக்கு வைத்த டிரைவரோடு வந்தார்.

“அண்ணே, பின்சீட்டுக்கு நல்லா மெத்து மெத்துன்னு குஷன் போட்டுத் தர்றீங்களா?”

“ஏம்மா?”

“மாமிக்கு, அதான் அவரு அம்மாவுக்கு, பக்கவாதம் வந்து ஒரு கை வரலண்ணே. ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு வந்து பயிற்சி குடுங்க, ஆரம்பத்துலயே குடுத்தாதான் கை வரும்னாங்க. இந்த வண்டி வாங்குனதே அதுக்குத்தான். பள்ளத்துல எறங்குனா போதும், தோளு கழண்டுடற மாரி வலிக்குதுன்னு அழுவுறாங்க. ஆட்டோன்னா இன்னும் மோசம். ரெண்டு மாசமா வரவே மாட்டேன்றாங்க.”

“பாய்கிட்ட சொன்னீங்களா?”

“சொன்னேன். ‘அவ்ளோ காஸ்ட்லி ஷாக்கு, அதுல கொறையே வராது, டிரைவர மெதுவா ஓட்டச் சொல்லு’ன்னுட்டாரு.”

வண்டிக்கு அடியில் போனேன். மஞ்சள் கோடு அலுங்காமல் இருந்தது. ஏழிலிருந்து இரண்டுக்கு, நாலு சக்கரத்துக்கும் திருப்பினேன். ஒரு டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை.

“இவ்ளோதானா அண்ணே?”

“இவ்ளோதாம்மா.”

“இத எங்க டிரைவரே பண்ணியிருக்கலாமா?”

“பண்ணலாம்.”

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் திட்டவில்லை. குமிழ் இருக்கும் இடத்தை டிரைவருக்குக் காட்டச் சொன்னார். காட்டினேன். ஓனர் தூரத்திலிருந்து முறைத்தார். முறைக்கட்டும்.

புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இதுதான். செட்டிங் வைக்கும் முன், அந்த வண்டியில் தினம் போகிறவர் யார், எந்த ரோட்டில் போகிறார் என்று கேளுங்கள். வண்டிக்காரரைப் பின்சீட்டில் உட்காரவைத்து அந்த ரோட்டிலேயே ஓட்டிக் காட்டுங்கள். குமிழைக் காட்டாமல் சாவியைக் கொடுக்காதீர்கள். இதைக் கற்றுக்கொள்ள நான் கொடுத்தது ஒன்றுமில்லை. கொடுத்தவர் வேறு ஒருவர்.

அடுத்த சர்வீசுக்கு வண்டி வந்தபோது நசீமாவின் மாமியாரும் பின்சீட்டில் இருந்தார். இடது கை மடியில், யாரோ வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி கிடந்தது.

“இப்ப குலுக்குதாம்மா?” என்றேன்.

“இல்லப்பா, நல்லாத்தான் போவுது” என்றார். “ஆஸ்பத்திரியிலதான், நாளு தாண்டிப்போச்சு, இனிமே பயிற்சிக்கு வந்து பிரயோஜனம் இல்லன்னுட்டாங்க.”